ஆரம்பித்த நாள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: வார்ஃபரினும் ரிஃபாம்பிசினும், டர்பனில் ஒரு நிகழ்வு

இந்த நிகழ்வில் வரும் அக்காவிடமும் அவர் வீட்டாரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். யார் பெயரும் இருக்காது, எந்த மருத்துவமனை, எந்தக் கடை என்பதும் இருக்காது. நான் தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பல வருடமாக டர்பனில் மருந்தாளுநராக இருக்கிறேன். வேலைக்கு நடுவே, இதயநோய் மருந்துகளைப் பற்றி மருந்தாளுநர்களுக்கும் அவர்களின் உதவியாளர்களுக்கும் பயிற்சி வகுப்பு எடுக்கிறோம். அந்த வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் சரியாகவே இருந்தது, ஆனால் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி இல்லாததால் என்ன ஆனது என்பதுதான் இது.

பின்னணி

அக்காவுக்கு 52 வயது, சாட்ஸ்வொர்த் பக்கம் வீடு. சின்ன வயதில் தொண்டைவலிக்குப் பின்னால் வந்த வாதக்காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. 38 வயதில் அறுவை செய்து உலோக வால்வு வைத்தார்கள். உலோக வால்வு என்றால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வாழ்நாள் முழுக்க. புதிதாக வந்த ரத்த உறைதடுப்பு மாத்திரைகள் இவர்களுக்கு ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் உறைகட்டியும் ரத்தக்கசிவும் வார்ஃபரினைவிட அதிகமாக வந்ததால், அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2013-இல் வெளியானது.

வார்ஃபரின் சாப்பிடாதவருக்கு ஐஎன்ஆர் ஏறத்தாழ 1 இருக்கும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண் அது. அக்காவுக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் உறைகட்டி, கூடினால் ரத்தக்கசிவு.

அவருக்குக் கிடைத்தது 5 மி.கி மாத்திரை மட்டும். திங்களும் வெள்ளியும் ஒன்றரை, மற்ற நாளெல்லாம் ஒன்று, ஆக வாரத்துக்கு 40 மி.கி. காய்கறிக் கத்தியால் மாத்திரையைப் பாதியாக வெட்டி, மிச்சப் பாதியை ஊறுகாய் பாட்டில் மூடியில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்திருப்பார். பாதி சில நேரம் பாதியாக இருக்காது, நொறுங்கிப்போகும். அப்படி இருந்தும் பல வருடமாக ஐஎன்ஆர் ஒழுங்காகவே இருந்தது. தன் மருந்தைத் தெரிந்து சாப்பிடுகிறவர் அவர்.

ஜூலை: காசநோய்

அந்த வருடம் ஜூலையில் விடாத இருமல், ராத்திரி வியர்வை, சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு. சளியை ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற காசநோய்ச் சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்ததில் டீபி உறுதியானது, டீபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை. ஜூலை நடுவில் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரையை ஆரம்பித்தார்கள், முதல் 2 மாதம் நான்கும், அடுத்த 4 மாதம் ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும். டீபி மாத்திரை வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் டீபி அறை நர்ஸ் கையிலிருந்து, வார்ஃபரின் எழுதுவதும் ஐஎன்ஆர் பார்ப்பதும் மருத்துவமனையில், வார்ஃபரின் வாங்குவது கடைவீதி மருந்துக்கடையில். மூன்று இடம்.

ரிஃபாம்பிசின் கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை அதிகமாகச் சுரக்கவைக்கும், வார்ஃபரினை உடைக்கும் சிபி2சி9 உட்பட. உடல் வார்ஃபரினை வழக்கத்தைவிட வேகமாகக் கழித்துவிடும். இது மருத்துவமனைக்குத் தெரியும், எதிர்பார்த்துத்தான் இருந்தார்கள். இரண்டாவது வாரம் ஐஎன்ஆர் 1.4. உலோக வால்வில் இந்த எண்ணோடு விடமுடியாது என்பதால் எண் ஏறும்வரை வயிற்றில் எனாக்சாபரின் என்ற உறைதடுப்பு ஊசி போட்டு, வார்ஃபரினைப் படிப்படியாகக் கூட்டினார்கள். செப்டம்பர் கடைசியில் தினம் 15 மி.கி, வாரத்துக்கு 105. பழைய அளவைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஐஎன்ஆர் 2.8.

அதுவரை எல்லாமே நன்றாக நடந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அக்காவுக்கும் திருப்தி. மூன்று முழு மாத்திரை, கத்தி வேண்டாம்.

அக்டோபர்: பயிற்சி

அக்டோபரில் மூன்று சனிக்கிழமை, ஒரு கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்தினோம். 23 பேர். முதல் வாரம் ரத்த அழுத்தம், இரண்டாவது வாரம் இதயச் செயலிழப்பு, மூன்றாவது வாரம் உறைதடுப்பு மருந்துகளும் கொழுப்பு மாத்திரைகளும். ரத்த அழுத்த மாத்திரை எனலாப்ரில், நீர்மாத்திரை, வலி மாத்திரை இபுபுரூஃபென் மூன்றும் ஒருவர் பையில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும், ஹெச்ஐவிக்காக ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்து எடுப்பவருக்குக் கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாடின் ஏன் கூடவே கூடாது, இதெல்லாம் நல்ல விவாதமாகவே போனது. இங்கே ஹெச்ஐவி, டீபி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் ஒரே வீட்டில், சில நேரம் ஒரே ஆளிடம் இருக்கும். அதனால் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றி மட்டும் ஒரு மணிநேரம் பேசினேன்.

கடைசியில் தேர்வு. ஒரு கேள்வி இப்படி இருந்தது: வார்ஃபரின் எடுப்பவருக்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் ஐஎன்ஆர் என்ன ஆகும்? 23 பேரும் 'குறையும்' என்று எழுதினார்கள். எனக்கு மகிழ்ச்சி. அதில் ஒருவர், அக்காவுக்கு மாதாமாதம் வார்ஃபரின் கொடுக்கும் கடையின் இளம் மருந்தாளுநர். வகுப்பிலேயே கவனமாகக் குறிப்பெடுத்தவர் அந்தத் தம்பிதான்.

ஜனவரி முதல் பிப்ரவரி வரை

அக்டோபர் தொடக்கத்தில் மருத்துவமனை கொடுத்த சீட்டில் 15 மி.கி என்று எழுதி, ஆறு மாதம் திரும்ப வாங்கலாம் என்று இருந்தது. இங்கே நாள்பட்ட நோய்க்கு அது வழக்கம். ஆனால் அக்டோபரோடு ஆறு மாதத்தைக் கூட்டினால் மார்ச் வருகிறது, டீபி சிகிச்சையோ ஜனவரி நடுவில் முடிகிறது. அந்த 15 மி.கி எதற்காக எழுதப்பட்டதோ அந்தக் காரணத்தைவிட சீட்டின் ஆயுள் நீளம். இதை அன்று யாரும் கணக்குப் போடவில்லை.

டிசம்பரில் ஐஎன்ஆர் 2.9. நிலையாக இருக்கிறது, விடுமுறைக் கூட்டம் வேறு, ஆகவே அடுத்த தேதி பிப்ரவரி நடுவில் என்று போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 14-ஆம் தேதி டீபி மாத்திரை முடிந்தது. சளி சுத்தம், எடை ஏறியிருந்தது, நர்ஸ் கட்டிப்பிடித்து வாழ்த்தி அனுப்பினார். அன்று பொங்கல், வீட்டில் இரட்டைச் சந்தோஷம்.

ஜனவரி கடைசியில் வழக்கம்போல வார்ஃபரின் வாங்கக் கடைக்குப் போனார். தம்பி கேட்டது: 'புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்களா?' இல்லை என்றார், உண்மையும் அதுதான். 28 நாளுக்கு, தினம் மூன்று மாத்திரை.

இதோடு தைப்பூச விரதமும் சேர்ந்துகொண்டது. அந்த வருடம் பூசம் பிப்ரவரியில், மகன் காவடி எடுக்கிறான். அக்கா பத்து நாள் விரதம் இருந்தார், பாலும் பழமும், ராத்திரி கொஞ்சம் சோறு. கொல்லையில் முருங்கை நிற்கும் வீடு அது, வாரத்தில் மூன்று நாள் கீரை உண்டு, விரதத்தில் அது அப்படியே நின்றுபோனது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். அதுவும் இல்லாமல் போனால் ஐஎன்ஆர் இன்னும் ஏறும். முக்கியக் காரணம் விரதம் அல்ல, ஆனால் சேர்த்துத் தள்ளிவிட்டது.

தொலைபேசி வந்த இரவும், எடுத்த முடிவும்

டீபி மாத்திரை முடிந்து 22-வது நாள் ராத்திரி அக்காவின் மாமியார் எனக்குப் போன் செய்தார். கோயிலில் பார்த்துப் பழக்கம். 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி, இன்னும் வீட்டில் தமிழ் பேசும் சிலரில் ஒருவர், நாங்கள் எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.

"தம்பி, காலைல பல் தேய்ச்சதுல இருந்து ரத்தம் நிக்கல. ஒண்ணுக்குப் போனா டீ கலர்ல போகுது. விரதம் இருந்ததாலயா?"

நான் முதலில் கேட்டது தலைவலி, வாந்தி, எங்காவது விழுந்தது உண்டா என்று. இல்லை. தோளில் காயம்படாமலே கன்றிப்போயிருக்கிறது என்றார். வார்ஃபரின் எத்தனை? மூன்று. சரி, டீபி மாத்திரை எப்போது முடிந்தது?

"பொங்கலன்னிக்கு."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் புரிந்துவிட்டது, கூடவே வயிற்றைப் பிசைந்தது. நாள் எண்ணிப் பார்த்தேன். ரிஃபாம்பிசின் நின்ற பிறகு, அது கூட்டிவிட்ட நொதிகள் ஒரே நாளில் குறையாது, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். அதுவரை 105 மி.கி சரியான அளவு, அதற்குப் பிறகு அதே 105 மிகப் பெரிய அளவு. வார்ஃபரின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 40 மணிநேரம் ஆகும் என்பதால் தேங்கத் தொடங்கினால் வேகமாகத் தேங்கும். மூன்றாவது வாரம் என்பது சொல்லிவைத்தது போல.

இன்றைய மாத்திரை வேண்டாம், காலை வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்றேன். இரண்டு வேளை நிறுத்திவிட்டு திங்கட்கிழமை பார்க்கலாமா என்று அக்காவின் கணவர் கேட்டார், பூசத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. முடியாது என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். சிறுநீரில் ரத்தம் வந்துவிட்டது, எண் எவ்வளவு என்று தெரியாது, அடுத்த கசிவு மூளையில் இருந்தால் திரும்ப வழியில்லை. வைட்டமின் கே வாங்கிக் கொடுத்தால் போதுமா என்றும் கேட்டார். உலோக வால்வுக்கு அதை வீட்டில் செய்யவே கூடாது: அளவு கூடினால் ஐஎன்ஆர் தலைகீழாக இறங்கி வால்வில் உறைகட்டி வரும், அப்புறம் நாள்கணக்கில் வார்ஃபரின் வேலையும் செய்யாது.

ஒரு துண்டுக் காகிதத்தில் ரிஃபாம்பிசின் ஆரம்பம், முடிவு, வார்ஃபரின் பழைய அளவு, இப்போதைய அளவு என்று நான்கு வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, முதலில் பார்க்கும் டாக்டரிடம் இதைக் காட்டுங்கள் என்றேன். நான் அன்று செய்ததில் உருப்படியானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மருத்துவமனையில்

விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் கருவி எண்ணைக் காட்டவில்லை, அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆய்வகத்தில் 9.6. ஹீமோகுளோபின் கொஞ்சம்தான் குறைந்திருந்தது, ரத்தம் ஏற்ற வேண்டிவரவில்லை. வார்ஃபரினை நிறுத்தி, உலோக வால்வை மனதில் வைத்து வைட்டமின் கே 1 மி.கி மட்டும் வாய்வழி கொடுத்தார்கள். மறுநாள் 5.1, மூன்றாவது நாள் 3.3. சிறுநீர் தெளிந்தது. தினம் 7.5 மி.கி என்று மறுபடி ஆரம்பித்து, வாரம் இருமுறை ஐஎன்ஆர் பார்த்து இறக்கிக்கொண்டே வந்தார்கள். ஐந்தாவது நாள் வீடு. மகன் காவடி எடுத்ததை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீடியோவில்தான் பார்த்தார்.

உட்கார்ந்து பார்த்தபோது

அடுத்த வாரம் கடைத் தம்பி என்னைத் தேடி வந்தார். முகம் இருண்டிருந்தது. "அண்ணா, எனக்குத் தெரியும்ண்ணா. நான் எழுதினேனே" என்றார். ஆமாம், அவர் எழுதியிருந்தார், முழு மதிப்பெண்ணும் நான்தான் போட்டேன். நான் கேட்ட கேள்விக்கு அவர் சரியாகப் பதில் சொன்னார். கேள்வி ஆரம்பத்தைப் பற்றியது, முடிவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. என் படங்களில் ரிஃபாம்பிசினிலிருந்து வார்ஃபரினுக்கு ஒரு அம்பு, பக்கத்தில் கீழ்நோக்கி இன்னொரு அம்பு. காலம் என்பதே அதில் கிடையாது.

இத்தனைக்கும் இதே ஊரில், இதே ரிஃபாம்பிசினுக்கு, முடிவுநாளைப் பற்றிய விதியை நாங்கள் தினமும் கடைப்பிடித்துக்கொண்டிருந்தோம். ஹெச்ஐவிக்கு டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு டீபி மருந்து நடக்கும்போது தினம் இருவேளை, டீபி மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் இருவேளை, அப்புறம்தான் ஒருவேளை. உதவியாளர்களுக்குக்கூட மனப்பாடம். ஆனால் அது ஹெச்ஐவி வகுப்பில் சொன்னது, இது இதய வகுப்பு. அங்கே தெரிந்ததை இங்கே யாரும் கொண்டுவரவில்லை, நான் உட்பட.

டீபி நர்ஸுக்கு வார்ஃபரின் அளவு தெரியாது. மருத்துவமனைக்கு டீபி முடிந்த செய்தி போகவில்லை. கடைக்கு இரண்டில் எதுவும் எழுத்தில் வரவில்லை. மூன்று இடத்திலும் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள்தான். மூன்றையும் அறிந்த ஒரே ஆள் அக்கா. அவரிடம் சரியான கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பயிற்சியில் மாற்றியது

அந்த அம்புப் படங்களை எடுத்துவிட்டேன். இப்போது ஆளுக்கொரு வெற்று நாட்காட்டித் தாள், 30 வாரம். ரிஃபாம்பிசின் ஒன்றாம் வாரம் ஆரம்பம், 26-ஆம் வாரம் முடிவு என்று கோடு போடச் சொல்லி, அதன் கீழே ஐஎன்ஆர் எங்கே இறங்கும், எங்கே நிலைக்கும், எங்கே ஏறும் என்று அவர்களையே வரையச் சொல்கிறோம். 26-க்கு மேல் பென்சிலோடு கை நிற்கும் இடத்தில்தான் வகுப்பே ஆரம்பிக்கிறது. அதே தாளில் ரத்த அழுத்த மாத்திரைகளான அம்லோடிபின், நிஃபெடிபின், கூடவே சிம்வாஸ்டாடின் வைத்தும் வரைகிறோம், அவற்றையும் ரிஃபாம்பிசின் குறைக்கும். டீபி நடக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறதே என்று நிஃபெடிபினைக் கூட்டியிருந்தால், டீபி முடிந்த மூன்றாவது வாரம் அந்த நோயாளி எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்.

இரண்டாவது மாற்றம் கவுண்டரில் கேட்கும் கேள்வி. புதிதாக என்ன ஆரம்பித்தீர்கள் என்பதோடு, எதையாவது நிறுத்தினீர்களா என்றும் கேட்கச் சொன்னோம். இதைச் சோதித்துப் பார்க்க, உடம்பு தேறியிருந்த அக்காவையே வகுப்புக்கு அழைத்தோம், அவரும் மனமுவந்து வந்தார். ஒரு உதவியாளர் அவரை நோயாளியாக வைத்து ஜனவரியில் கேட்பதுபோலக் கேட்டார்: எதையாவது நிறுத்தினீர்களா? அக்கா யோசிக்காமல் "இல்லை" என்றார். எல்லோரும் திகைத்துவிட்டோம். டீபி மாத்திரை? "அத நான் நிறுத்தலையே, முடிச்சேன்" என்றார்.

எனக்கு அது பெரிய பாடம். டீபிக்காரருக்கு 'நிறுத்துவது' என்றால் குற்றம், பாதியில் விட்டவர்களைச் சொல்லும் சொல். ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டவரிடம் நிறுத்தினாயா என்றால் பெருமையோடு இல்லை என்றுதான் சொல்வார். வகுப்பிலிருந்த சூலு மொழி பேசும் உதவியாளரும் தங்கள் மொழியிலும் இரண்டும் வேறு வேறு சொல், அர்த்தமும் அப்படியே வேறு என்றார். அன்றே கேள்வியை மாற்றினோம்: 'போன தடவை வந்த பிறகு ஏதாவது மருந்து முடிஞ்சுதா?' எந்த மொழியில் கேட்டாலும் 'முடிந்தது' என்ற பொருளில்.

மூன்றாவது, வார்ஃபரின் அட்டையில் ரிஃபாம்பிசின் முடியும் தேதியை எழுதி ஒட்டுவது. இது அவ்வளவு நன்றாகப் போகவில்லை. அட்டை கிழிந்து புது அட்டை வரும்போது ஒட்டியது போய்விடுகிறது. இப்போது கடைக் கணினியில் நோயாளி பெயருக்குக் கீழேயே எழுதிவைக்கச் சொல்கிறோம். கூடவே, அந்தத் தேதியைத் தாண்டி வார்ஃபரின் சீட்டு நீண்டால் மருத்துவமனையைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதும்.

அதற்குப் பிறகு

அடுத்த வகுப்பு முடிந்து இரண்டு மாதத்தில் டர்பனின் ஃபீனிக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு உதவியாளர் கூப்பிட்டார். 60 வயது தாத்தா, இதயத்துடிப்பு ஒழுங்கில்லாததால் வார்ஃபரின் எடுப்பவர், தினம் 12.5 மி.கி. டீபி மாத்திரை பத்து நாளில் முடியப்போகிறது, சீட்டு இன்னும் மூன்று மாதம் ஓடும். தேதியைக் கேட்டதால் தெரிந்தது என்றார். மருத்துவமனைக்குச் சொன்னோம். முடிந்த வாரத்திலிருந்து வாராவாரம் ஐஎன்ஆர் பார்த்து, எண் ஏற ஆரம்பித்ததும் அளவை இறக்கினார்கள். அதிகபட்சம் 4.2 வரை போனது, கசிவு இல்லை, ஆறு வாரத்தில் பழைய அளவு.

அக்காவும் ஏப்ரலில் பழைய 40 மி.கி-க்கே வந்துவிட்டார், ஐஎன்ஆர் 2.9. கடைத் தம்பி இப்போது என்னோடு சேர்ந்து அந்த நாட்காட்டி வகுப்பை எடுக்கிறார்.

இன்னும் சரியாகாதது ஒன்று. டீபி முடிந்ததும் கிளினிக் கொடுக்கும் தாளில், இவர் வேறு எந்த மருந்து எடுக்கிறார், எந்த மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் போதும். இரண்டு கிளினிக் நர்ஸ்களிடம் பேசியிருக்கிறோம். ஒருவர் கையாலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் அறையில் காலை ஏழு மணிக்கே வாசல் வரை வரிசை நிற்கிறது, அவரிடம் இன்னொரு வேலையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே யார் எழுதுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.